கீழ் இடது ஆறு

காலை ஆறு நாற்பது. ஏஜென்சியிலிருந்து கிளெனிஸ்:
நீத் நகரம், எட்டரைக்கு, அங்கே யாருக்கோ காய்ச்சல்.
ஒரு காலில் சாக்ஸோடு சரி என்றேன்.

புது அறையில் முதல் பத்து நிமிடம்
இழுப்பறைகளோடுதான் பேச்சு.
பஞ்சுருளை எங்கே, ஊசிமுனைகள் எங்கே,
சின்ன அளவுக் கையுறையை எவள் ஒளித்துவைத்தாள்?

டாக்டர் ப்ரிட்சர்டு திரும்பிப் பார்க்காமல் கை நீட்டுவார்.
லவ்ரியின் கைக்குப் பழகிய கை.
"லவ்ரி, கண்ணாடி."
நெரிஸ் என்று ஒருமுறை திருத்தினேன்.
பதினோரு மணிக்குமேல் விட்டுவிட்டேன்.
அவளுடைய கோப்பையில் மட்டும் தேநீர் குடிக்கவில்லை;
அடியில் நகப்பூச்சால் பெயர் எழுதியிருந்தாள்.

மூன்றரைக்கு ஹியூ, கூரை வேலை செய்பவர்.
கீழ் இடது ஆறு, ஆழமான சொத்தை.
எத்தனை உயரம் ஏறியவரோ,
ஊசியைக் கண்டதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்,
துளைக்கும் சத்தம் ஓயும்வரை விடவில்லை.
மற்ற கையால் எச்சிலை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு நேரத்தாளில் கையெழுத்து.
மதிய இடைவேளை அரைமணியைக் கழித்தார் ப்ரிட்சர்டு.
அந்த அரைமணியில்தான்
கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.

பேருந்தில் எதிர் இருக்கையில் ஹியூ.
முகக்கவசம் இல்லாத என்னை அவருக்குத் தெரியவில்லை.
மரத்த கன்னத்தைத் தடவியபடி
வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டார்.
தற்காலிக அடைப்பு
வெள்ளையாய், அசையாமல் இருந்தது.

அந்தப் பக்கம் மெல்லாதீர்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன், கைப்பேசி அதிர்ந்தது:
நாளை போர்ட் டால்பட். கறுப்பு ஷூ கட்டாயம்.

நிமிர்ந்தபோது அவர்
டாஃபிக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.