ஏழே நாளில் ஏழாம் நாள்

ஏழே நாளில் ஏழாம் நாளை அடைவது எப்படி
என்று அட்டையில் போட்டோம், தங்க எழுத்தில்,
நானும் பிரைட் ஹவுன்செல்லும்.
செயின்ட் ஜான்ஸில் அந்தப் பனிக்காலம் முழுக்க
மேடைகள் மூடிக் கிடந்தன.
மூன்று முறை மின்சாரம் போனது.
அவள் சமையலறையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு
உலகத்துக்கு வெற்றியின் ரகசியம் எழுதினோம்,
இரண்டு மாத வாடகைப் பாக்கியோடு.

பின்னட்டையில் இருவரும் கைகட்டி நிற்கிறோம்.
கோட்டு அவள் அண்ணனுடையது. இரண்டுமே.

சிரிப்பார்கள் என்று நினைத்தோம்.
கடிதம் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

காண்டரிலிருந்து ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர்:
'நாற்பதாம் பக்கத்தில்,
விடை நூற்றுப்பன்னிரண்டில் என்கிறீர்கள்.
நூற்றுப்பன்னிரண்டில்,
விடை நாற்பதில் என்கிறீர்கள்.
பதினோரு நாளாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன்.
இது பிழையா, பயிற்சியா?'

இன்னொருவர், அஞ்சலட்டையில்:
'ஏழாம் நாள் வந்தது. சொன்னபடியே வந்தது.
ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருந்தது.
காசைத் திருப்பித் தரவும்.'

தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஒருவருக்குக் கடுங்கோபம்.
தொழிலைக் கேலி செய்ததற்கு இல்லை.
'மூன்றாம் அத்தியாயம்
நான் எட்டு வருடமாக வகுப்பில் சொல்வது.
அப்படியே வரிக்கு வரி.
எப்படிக் கிடைத்தது உங்களுக்கு?'

ட்வில்லிங்கேட்டில் ஒருத்தியின் கணவர்
நிஜப் புத்தகம் என்று நம்பியே வாங்கிவிட்டார்.
தோல்விதான் வெற்றியின் முதல் படி,
படியிலேயே உட்காருங்கள், முழங்காலுக்கு நல்லது
என்ற எங்கள் வரியைக் குளிர்பெட்டியில் ஒட்டினார்.
பிறகு நிஜமாகவே போய்
மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்.
'மீன் ஆலை மூடிய நாளிலிருந்து
நின்றுகொண்டே இருந்த மனிதர்' என்று எழுதியிருந்தாள்.
'இப்போது நானும் இரண்டாம் படியில்.
மேலே போகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் இடைஞ்சல்.'

இதையெல்லாம் மேடையில் வாசித்தோம். நல்ல கைதட்டல்.

ஒன்றை மட்டும் வாசிக்கவில்லை.

கார்னர் புரூக் முத்திரை. பெயர் இல்லை.
ஆஸ்பத்திரி உணவுச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சில்.
முன்பக்கத்தில் சூப், ஜெல்லி,
உப்பு வேண்டாம் என்பதற்கு நேரே ஒரு டிக்.

'எனக்குப் பரிசாக வந்த ஒன்பது புத்தகங்களும்
நான் நினைத்தால் குணமாகிவிடலாம் என்றன.
ஆகவில்லை.
அப்படியென்றால் நான் சரியாக நினைக்கவில்லை.
உங்கள் ஐந்தாம் அத்தியாயம்
தேநீர்க் கோப்பையிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது.
பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் கேட்டேன்.
கோப்பை ஒன்றும் சொல்லவில்லை.
யாரும் என்மேல் பழி போடாமல்
ஒரு மத்தியானம் போனது.'

மேடையில் மூன்று நொடி மௌனம் விழுந்தாலே
வியர்த்துவிடும் பிரைட்டுக்கு.
கெட்டில் கொதித்து, தானே அணைந்து,
அதன் மேல் ஆவியும் நின்றுபோகும்வரை பேசவில்லை.
பிறகு கேட்டாள்: 'ஐந்தாம் அத்தியாயம் யார் எழுதியது?'
நீ என்றேன்.
நீதான் என்றாள்.

சீட்டு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.
அவள் மாவு டப்பாக்களுக்குப் பின்னால்
எதையோ வைத்ததைப் பார்த்தேன்.

இரண்டாம் பதிப்பு வந்தது.
திருத்தம் உண்டா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள்.
உண்டு. ஒன்றே ஒன்று.
நாற்பதும் நூற்றுப்பன்னிரண்டும்.
எல்லோரும் புத்தகத்திலேயே சிறந்த நகைச்சுவை என்று சொல்லும் அதை
நாங்கள் எழுதவே இல்லை.
அச்சுப்பிழை.

மனசு கேட்காமல் காண்டர்க்காரருக்கு உண்மையை எழுதினோம்.
நாலாம் நாள் பதில்:

'திருத்திவிடாதீர்கள்.
நேற்றுத் திரும்பி வரும் வழியில்,
சரிபாதித் தூரத்தில், எழுபத்தாறாம் பக்கத்தில்
ஒரு வாத்துப் படம் கண்டேன்.
இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.
அழகான வாத்து.
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.'

மின்சாரம் போன ஓர் இரவில்
பிரைட் இருட்டில் கிறுக்கியது அந்தப் படம்.

அது வாத்து இல்லை.
நான்.