பதினைந்து அடி

சித்திரையில் விரல் நுழையும்.
ஐப்பசி மழைக்குப் பிறகு நகம்கூட நுழையாது.
குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும் கரிசல்;
அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது,
பல்லடத்துக்குத் தெற்கே, புளியங்காட்டுப்புதூர்
சூசையப்பர் கோயில்,
ஒரு மணிக்கூண்டை லேசாகச் சாய்த்துக்கொண்டு.

விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு பதித்துத்
தேதி எழுதினேன்: மார்ச் ஏழு.
மாதம் முடிவதற்குள் உடைந்திருந்தது.

முகப்பு பரோக் பாணி.
பிரெஞ்சுச் சாமியார் கொண்டுவந்த படத்தில்
ஒரு தூண்தான் இருந்ததாம்.
அதனால் இரண்டு தூணும்
ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.
தோளில் சுருள், சுருளுக்குள் சுருள்,
நடுவில் கிளிஞ்சல், கிளிஞ்சல்மேல் கலசம்,
கலசத்தில் தீக்கொழுந்து,
சுண்ணாம்பிலேயே எரிகிறது.

பின்பக்கம் போய் அளந்தேன்.
ஓட்டுக்கூரை இருபத்தாறு அடி.
முகப்பு நாற்பத்தொன்று.
மிச்சத்துக்கு முதுகில் ஒன்றுமில்லை:
பூசாத செங்கல், புறா எச்சம்,
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று.
குறிப்பேட்டில் எழுதினேன்:
பயனற்ற எடை. இறக்கிவிடலாம்.

எட்டிப் பார்த்த கோயில்பிள்ளை மதலைமுத்து
ஒன்றும் சொல்லவில்லை.
டீ வாங்கப் போனவர்
கணக்குப் புத்தகத்தோடு வந்தார். டீ மறந்துவிட்டது.
"இதையுங் கொஞ்சம் அளந்து பாருங்க அம்மிணி."

தாது வருடம். பூச்சி தின்ற தாள்.
கார்த்திகை: சுவர் முடிந்தது. ஆட்கள் நூற்றுப்பன்னிரண்டு.
ஆளுக்குக் கம்பு ஒரு படி, பிள்ளைக்கு அரை.
மார்கழி: முகப்பும் முடிந்தது. ஆட்கள் இருநூற்று நாற்பது.
ஓரத்தில் வேறு மையில்:
மழை இல்லை. மூன்றடி உயர்த்துக.
தை: இன்னும் நான்கு. சுருள் வைக்கலாம்.
மாசி: சுருளுக்குள் சுருள்.
பங்குனி: கிளிஞ்சல் சிறிதாயிருக்கிறது.
இடித்துப் பெரிதாகக் கட்டுக.

சுண்ணாம்பு அரைப்பவள், அருளாயி, ஒரு படி.
அடுத்த வாரம் அவள் பெயர் இல்லை.
அருளாயி மகன், அரைப்படி.
அது கடைசிப் பக்கம்வரை இருக்கிறது.

ஈஸ்வர வருடம், புரட்டாசி: மழை.
தீக்கொழுந்தின் இடப்பக்கம் பூசவில்லை.
எல்லோரும் விதைக்கப் போய்விட்டார்கள்.

சாரத்தில் ஏறிப் பார்த்தேன்.
பூசவில்லைதான்.

இறங்கி, "பயனற்ற" என்பதை அடித்தேன்.
எடை அப்படியே இருந்தது.
இறக்காமல் காப்பாற்ற அடித்தளத்தைத் தோண்ட வேண்டும்;
செலவு மூன்று மடங்கு.
ஆயர் இல்லத்தில் என்ன சொல்வார்களோ.

புதுச் சில்லு பதித்துத் தேதி போட்டேன்.
வருசத்தோட பேரையும் எழுதிருங்க என்றார் மதலைமுத்து.
எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும்.