மூன்று மாத வாடகை

புத்தாண்டு இரவுதோறும் டி.வி.யில் அந்தப் படம்.
குட்டாய்சியில் பாதி வீடுகளுக்குள்
ஒரே நேரத்தில் ஒரே கதவு தட்டப்படும்.

முதல் தடவை எனக்குப் பத்தொன்பது.
வாடகை கேட்டு வரும் மொட்டைத்தலையனை
நாலு சாத்து சாத்தலாம்போல் இருந்தது.
மாடியறையில் அக்கார்டியன் வாசிக்கிறவன்
நானேதான்.

நாற்பதில்,
தேனில் பிரட்டிய வால்நட்டை மென்றபடி
விரல்விட்டு எண்ணினேன்:
மூன்று மாத பாக்கி.
பாவம், அந்த ஆளின் வீட்டிலும் கூரை ஒழுகுகிறது.
ஓரத்தில் ஒரு சட்டி இருக்கிறது,
இத்தனை வருடம் என் கண்ணில் படாத சட்டி.

இடையில் ஒரு வருடம்
அவள் ரயிலேறும் நேரம் பார்த்து மின்சாரம் போனது.
ஊரே இருட்டு. ரியோனி ஆற்றின் சத்தம் மட்டும்.
மண்ணெண்ணெய் அடுப்பு வெளிச்சத்தில்
மிச்சப் படத்தை சியாலா நடித்துக் காட்டினாள்.
இரண்டு போர்வை சுற்றிய கதாநாயகி;
விசில் அவளே,
குளிரில் அவள் வாயிலிருந்து வந்த ஆவிதான் ரயில் புகை.
படத்தில் அந்தப் பெண் ‘கடிதம் போடு’ என்பாள்.
சியாலா சொன்னாள்:
‘குடையைக் கொடு. அங்கேயும் மழைதான்.’

அதற்கப்புறம்
திரையில் இருப்பவள்தான் தப்பாகச் சொல்கிறாள்.

போன வருடம் வண்ணம் பூசிப் போட்டார்கள்.
குடை பச்சையாம்.
சிவப்புதான் என்று முப்பது வருடம் சாதித்தவள்
பன்னிரண்டரைக்கே சோபாவில் தூங்கிப்போயிருந்தாள்,
மூக்குக் கண்ணாடியோடு.

ரயில் வந்தது.
சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு
குடையை நானே கேட்டேன்.