கொடுப்புப் பல் பூதம்

பகலில் நான் பிறருக்குப் பல் வார்ப்பவள்.
தபாற்கந்தோர் வீதி, மாடியில் இரண்டாம் அறை.
மிஞ்சும் அக்கிரிலிக்கில்
சுண்டுவிரல் உயரத்துக்குப்
பதினொரு பூதங்கள் செய்து வைத்திருக்கிறேன்.
தலைவனுக்கு மட்டும் வாய் கொள்ளாமல்
ஒரேயொரு கொடுப்புப் பல்.
செய்யச் சொன்ன கிளாக்கர்
வாங்க வரவேயில்லை.

இம்தாத் கிண்ணியாப் பாலம் கடந்து
சப்பாத்துப் பெட்டியில் படையோடு வருவான்.
எட்டு நண்டு மனிதர், ஒரு திருக்கைவாலி,
செப்புக் கம்பியில் தொங்கும்
பெயர் வைக்காத ஒரு சாமான்,
சிறகில் நகப்பூச்சு இன்னும் காயவில்லை.
"இது பறக்குமா?"
"ஆறு விழுந்தால் பறக்கும்."
"விழாட்டி?"
"யோசிக்கும்."

உவர்மலையில் எங்கள் மோட்டார்சைக்கிள் கொட்டில்.
கழற்றிப் போட்ட கதவுதான் போர்க்களம்.
முருகைக்கல் மூன்று, மலை.
வல்லாரை இரண்டு கட்டு, காடு.
காட்டுக்குள் அவனுடைய நண்டுகள்
நாலாம் சுற்றிலிருந்து பதுங்கிக் கிடந்தன.

ஆறாம் சுற்று. எறிய வேண்டும்.
என் தலைவனுக்கு நண்டு தெரியுமா, தெரியாதா?
தெரியாது என்கிறான் இம்தாத்.
கன்னத்தைக் கதவில் வைத்து
பூதத்தின் கண்ணளவுக்குக் குனிந்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
வல்லாரை பனை உயரம்.
அதற்கும் அப்பால்
உள்துறைமுகத்துக் கப்பல் விளக்குகள்,
யாருடைய படையென்று தெரியாத தீவட்டிகள்.
அவற்றை மறைத்துக்கொண்டு
நாலு தூண்கள் நடந்து வந்தன.
மேலே ஈரமாய், கறுப்பாய், மூச்சு விடும்
இரண்டு குகை.

நான் அசையவில்லை.
என் பூதமும் அசையவில்லை.
மான் காட்டைத் தின்னத் தொடங்கியது.

"உன்ர ஆளா?" என்றான் இம்தாத், மெதுவாக.
"ஊர் ஆள்."
"அப்ப பயச் சோதனை போடு."
போட்டேன். ஒன்று.
சட்டப்படி களத்திலுள்ள எல்லாரும் ஓட வேண்டும்.
மான் சட்டம் படிக்கவில்லை.
தண்டு வரைக்கும் தின்றது,
வெட்டவெளியில் நின்ற நண்டுகளை
ஒவ்வொன்றாய் முகர்ந்தது,
உப்பில்லை போல,
தலையைச் சிலுப்பித் திரும்பியது.

செப்புக் கம்பி கொம்பில் மாட்டிக்கொண்டது.
ஆறு விழாமலே
அது பறந்தது,
சரிவால் இறங்கி, மதகைத் தாண்டி,
தெருவிளக்கில் ஒருதரம் சிவந்து.

இம்தாத் பெட்டிக்குள் எண்ணினான்.
பிறகும் எண்ணினான்.
"பெயர் வைச்சிருக்கலாம்," என்றான்,
"கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்."
வெற்றி யாருக்கென்று
இன்றைக்கும் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமை,
கச்சேரியடியில் கொம்பிலே வௌவாலோடு
ஒரு மான் நின்றதாம்,
பல்செட் வாங்க வந்த அம்மா சொன்னா.
உதடு கோணாமல் கேட்டேன்,
சிறகு காய்ந்திருந்ததா?