இன்னும் பதினொன்று

காப்பீட்டுக்காரர்கள் கடிதம் போட்டார்கள்:
இது நோயல்ல, விருப்பம்.
ஆர்டிஸ் அதன் முதுகிலேயே கணக்குப் போட்டாள்.
குப்பி நூற்றுப் பன்னிரண்டு டாலர்,
பதினாலு தடவை வரும்,
தடவைக்கு எட்டு.
"சினிமா டிக்கெட்டைவிடக் குறைச்சல்.
பாப்கார்னும் வாங்க வேண்டாம்."
சுரப்பியை எடுத்த பிறகு
அன்றுதான் சத்தமாய்ச் சிரித்தேன்.

உறைபெட்டியில்
பட்டாணிப் பைக்கும் ஏரி மீனுக்கும் நடுவே குப்பி.
மகள் வரும் வாரம் பட்டாணிக்கு அடியில்.
குத்திய ஊசிகளுக்குத் துணிசோப்பு டப்பா.
போன தடவை இடது என்றால் இந்தத் தடவை வலது,
மறக்காமலிருக்கக் காலண்டரில்
இ, வ, இ.
என்னம்மா இது என்றாள் மகள்.
"பனி தள்ளுற முறை."

நேற்றிரவு டுலூத்தில் மின்சாரம் போயிற்று.
இளகினால் மிச்சமெல்லாம் வெறும் தண்ணீர்.
பூட்ஸை மாட்டிக்கொண்டு
பின்படியருகே பனிக்குள் புதைத்தேன்,
அடையாளத்துக்கு ஒரு மரக்கரண்டி நட்டேன்.

விடிந்தபோது இரண்டடிப் பனி.
கரண்டியைக் காணோம்.

பக்கத்து வீட்டு எஸ்கோ
மண்வெட்டியோடு வந்துவிட்டான் உதவிக்கு.
எதைத் தேடுறீங்க?
நான் ஏரியைப் பார்த்தேன்.
"இன்னும் பதினொண்ணு பாக்கி இருக்கு"
என்றாள் ஆர்டிஸ், தலை நிமிராமல்.
எழுபத்தோரு வயது,
முழங்கால்வரை ஈரம்,
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு
வெறும் விரலால்
துழாவிக்கொண்டிருந்தாள்.