ஆவணம் தயாரித்தவர்

மேலூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில்,
ஜெராக்ஸ் கடைக்கும் முட்டைபோண்டாக் கடைக்கும் நடுவே
என் மேசை.
டோக்கன் கூப்பிடாத மதியங்களில்
ஓர் அமெரிக்க நாவல் படிக்கிறேன்.
தொலைநிலை எம்.ஏ., இரண்டாம் வருஷம், நான்காம் தாள்.

ஏலத்தில் தொடங்குகிறது கதை.
கோதுமைக்காட்டுக்காரன் ஒருவனின்
கலப்பை, சுவர்க்கடிகாரம், கண் மங்கிய குதிரை.
கடைசியாக நிலம். எடுத்தது யார் என்று இல்லை.
அப்புறம் பதினோரு வருஷம் பின்னால் போய்
ஆலங்கட்டி மழை, வங்கிக் கடிதம், பெண்டாட்டியின் இருமல்.
சொல்கிறவன் பக்கத்து நிலத்துக்காரன்.
கேட்கிற நமக்கே தொண்டை அடைக்கும்,
அவ்வளவு இரக்கம்.

எனக்குப் பழகின நடைதான்.
கிழக்கே பெரியாறு கிளைக்கால்வாய்,
வடக்கே வண்டிப்பாதை,
தெற்கே சோணைமுத்து வகையறா பட்டா.
மூன்று எல்லையும் சுத்தமாகச் சொன்னவன்
மேற்கை விட்டுவிட்டான்.
இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில்
சோற்றில் கல் கடிபட்டதுபோல ஒரு வரி:
அன்றைக்கு என்னிடம் பணம் இருந்தது.

கதைசொல்லி நம்பத்தகுந்தவனா? பதினாறு மதிப்பெண்.
வருஷா வருஷம் வருகிற கேள்வி.
கைடில் விடை இருக்கிறது, ஐந்து உட்தலைப்போடு.

எனக்கு மொக்கராசு நினைவுக்கு வந்தார்.
குவாரியை ஒட்டின ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
மை தடவும்போது பெருவிரலை
மடக்கி மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.
மேனேஜர் மணிக்கட்டைப் பிடித்து
"லேசா விடுங்க பெருசு" என்றார்.
நான் அதற்கு முன்பே அடித்து முடித்திருந்தேன்:
முழு மனதுடனும், எவருடைய
தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும்.
எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான்.
கம்ப்யூட்டரில் சேமித்தே வைத்திருக்கிறேன்,
பெயரும் சர்வே எண்ணும் மட்டும் மாறும்.
கூலி எழுநூறு. மேலே ஐநூறு வைத்தார்கள்.
வைத்துவிட்டுப் போகட்டும் என்று
பஞ்சை எடுத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தல்லாகுளத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தேர்வு.
முதல் கேள்வியே அது.
கைடில் உள்ளபடி நாலு உட்தலைப்பு ஓடியது.
ஐந்தாவதில் கை நின்றுவிட்டது.
அடிஷனல் ஷீட் வேணுமா என்று கேட்டார் மேற்பார்வையாளர்.
வாங்கினேன். ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

திரும்பும்போது, பேருந்து ஒத்தக்கடையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.
அந்தத் தாளின் அடியில், பழக்கதோஷத்தில், தமிழில்,
ஆவணம் தயாரித்தவர் என்று போட்டு
உரிம எண்ணோடு
கையெழுத்து வைத்திருக்கிறேன்.