ஹார்ஸ்பவர்

எங்கள் தீவில் வண்டியின் பதிவுப் புத்தகத்துக்கு
ஹார்ஸ்பவர் என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
தொலைந்துபோனால் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும்:
ஐயா, என் ஹார்ஸ்பவரைக் காணவில்லை.

இந்த ஸ்டார்லெட் டர்போவின் ஹார்ஸ்பவரில்
ஐந்து பெயர்கள்.
கடைசிப் பெயர் என்னுடையது.
வள்ளியம்மையை வலியமே ஆக்கிவிட்டார் எழுத்தர்.
வண்டிக்கு அது தெரியாது.

முதல் பெயருக்கும் முன்னால் ஒருவர் உண்டு.
பானட்டைத் தூக்கினால் ஓரத்தில்
எண்ணெய் மாற்றிய நாளைக் குறித்த ஒட்டுத்தாள்,
ஜப்பான்காரர் கையெழுத்து.
கடைக்கார ஆ-கியோங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்:
நான்காம் ஆண்டு, பதினோராம் மாதம்.
எதிலிருந்து நான்கு என்று அவருக்கும் தெரியவில்லை.
அந்த நான்காம் ஆண்டில் எங்கோ குளிரில்
யாரோ கையைத் துடைத்துக்கொண்டு
இதை எழுதியிருக்கிறார்.

கிஸ்தன் வீராபென், ரோஸ் ஹில்.
கடற்கரை ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தார் அப்போது.
இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து
கரும்பு வெட்டிய வெற்று வயல்களுக்கு நடுவே
விசில் கேட்கும்வரை மூன்றாம் கியரில் மிதிப்பாராம்.
"எண்ணூற்றுச் சொச்சம் கிலோதான் எடை.
மாமியார் ஏறினால்தான் தரையில் நிற்கும்."
பூஜை போட்ட அன்று மனைவி
பானட்டின் மூக்குத் துளையில் ஒரு கை செவ்வந்தி வைத்தாளாம்.
முதல் மிதியிலேயே விழுங்கிவிட்டது.
போன மாதம் இன்டர்கூலரைக் கழற்றிய மெக்கானிக்
தகடுகளுக்கிடையே பழுப்பாக எதையோ சுரண்டி
தேயிலையா என்றான்.
சருகாகவும் இருக்கலாம், துருவாகவும் இருக்கலாம்.
செவ்வந்தி என்றுதான் சொன்னேன்.

தெசிரே பெரின் வண்டியை ஓட்டியதைவிடக் கேட்டதே அதிகம்.
கியர் மாற்றும்போது வால்வு விடும் பெருமூச்சுக்கு
தெருப் பிள்ளைகள் வாயால் பதில் சொல்வார்களாம்.
அதில் ஒருவன் இன்று வங்கி மேலாளர்.
கோப்பை மூடும்போது இன்னும்
பிஷ்ஷு என்கிறானாம்.

மூன்றாமவர் போலீஸ் சார்ஜன்ட்.
எண்பதைத் தாண்டியதே இல்லை என்றார்.
உள்ளே சமையலறையில் மனைவி இருமினாள்.

நான்காவது, ரஜேனி சின்னாப்பென். தபால் நிலைய எழுத்தர்.
ஆறு வருடத்தில் ஒரு கீறல் இல்லை,
ரசீதுகள் தேதிவாரியாக, ரப்பர் பேண்டு போட்டு.
தொலைபேசியில் கேட்டேன்,
ஸ்டீயரிங் ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அது?
"பின்கண்ணாடி வைப்பர். கெட்டுப்போய்விட்டது.
அதனால் நான் தொட்டதில்லை."
வைப்பர் இல்லை, அம்மா. லோ, ஹை.
லோவிலேயே இருந்தது.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.
பிறகு தண்ணீரும் நின்றது.
"ஆறு வருடமுமா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார், இஸ்திரி போட்ட புடவையில்.
கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு
ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார்.
கிரான் பஸ்ஸேன் தாண்டி மேட்டில் பனி.
அழுத்தட்டுமா என்று கேட்கவில்லை.
அழுத்தினார்.

முதுகு இருக்கையில் அப்பிக்கொண்டது.
கைப்பைக்குள் சாவிகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்தன.
மூன்று, நான்கு.
ஒரு கொய்யாப்பழ வியாபாரி
கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பஸ் எல்லாம் என்னை முந்திப் போகும்," என்றார்,
பேச்சு வந்தபோது.
"டிரைவர்கள் கையசைப்பார்கள்.
நானும் அசைப்பேன்.
நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்."
சிரித்ததில் வண்டி கோட்டைத் தாண்டி
மறுபடி உள்ளே வந்தது.

என் வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டார்.
எஞ்சின் நிற்கவில்லை.
டர்போ சூடு ஆற ஒரு நிமிடம், அதற்கென்றே ஒரு கருவி,
சிவப்பு எண்களில் பின்னோக்கி எண்ணும்.
விளக்க வாயெடுத்தேன்.

"இது தெரியும் எனக்கு," என்றார்.
"ஆறு வருடமும் இந்த ஒரு நிமிடம்
என்னுடையதாக இருந்தது.
உள்ளே யாரும் கூப்பிட மாட்டார்கள்,
வண்டி இன்னும் ஓடுகிறதே என்று."

சாவி அவர் உள்ளங்கையில்.
கைப்பை என் மடியில்.
முப்பத்தெட்டு.
முப்பத்தேழு.